சுயாதீனப் படப்பிடிப்பாளரும் படத்தின் உடைமையும்

செய்திப் படமொன்றை மதிப்பிடும்போது அதன் அழகையும் எடுத்தவரின் துணிவையும் விதந்துரைப்பது வழக்கம். அப்படம் எத்தகைய உழைப்பு உறவுகளுள் தோன்றியது என்னும் வினா அருமையாகவே எழுப்பப்படுகின்றது. அரசியலையும் போரையும் விளையாட்டையும் படம்பிடித்து வாழ்ந்த றொபேட் கப்பாவின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

முதலில் இத்தொழிலைச் சாத்தியமாக்கிய புறநிலைமைகளைக் கருதவேண்டும். 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறிய கமரா, 36 படங்களை ஒரே சுருளில் எடுக்க வழிசெய்தது. 1928இல் பாரிஸில் 'வூ', 1936இல் நியூயோர்க்கில் 'லைஃப்' ஆகிய படச் சஞ்சிகைகள் தோன்றின. கருவி தனிமனிதனின் கைக்கு வந்தது. ஆனால் விலையையும் படக்குறிப்பையும் தீர்மானிக்கும் அதிகாரம் சஞ்சிகையிடமே இருந்தது. இம்முரண்பாடே சுயாதீனப் படப்பிடிப்பாளரின் வாழ்வை நிருணயித்தது எனலாம்.

1913இல் புடாபெஸ்ற் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த கப்பாவின் இயற்பெயர் எண்ட்ரே ஃபிரீட்மன் என்பதாகும். பேர்லினில் பட முகவர் நிறுவனமொன்றின் இருட்டறையில் உதவியாளராக இருந்தபோது, 1932இல் கொப்பன்ஹேகனில் ட்ரொட்ஸ்கி ஆற்றிய உரையைப் படம்பிடித்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பேர்லினை விட்டு நீங்கினார். பாரிஸில் வறுமையுற்ற அவரும் தோழி கேர்டா தாரோவும் 1936இல் 'றொபேட் கப்பா' என்ற புகழ்மிக்க அமெரிக்கப் படப்பிடிப்பாளரைக் கற்பனையாகப் படைத்து, அப்பெயரிலே படங்களைக் கூடிய விலைக்கு விற்கலாயினர். உழைப்பு அதே உழைப்பு. பெயர் மாறவே பெறுமதியும் மாறியது.

1939இல் பிரான்சின் துவிச்சக்கர வண்டி ஓட்டப் பெரும்போட்டியை அவர் படமெடுத்தார். பிரித்தானி மாநிலத்தின் பிளேபன் என்னும் ஊரிலே, துவிச்சக்கர வண்டிக் கடையொன்றின் முன் காத்துநின்ற மக்களின் தலைகள் ஓட்ட வீரர் கடக்கையில் ஒருங்கே திரும்புவதை அப்படங்கள் காட்டுகின்றன. வெற்றியாளரின் படம் எவரிடமும் கிடைக்கும். பிறரிடம் இல்லாததைத் தருபவரே சுயாதீனர் என்ற வகையிற் பிழைக்க இயலும். இத்தேவையும், மக்களை நோக்கிய அவரது பார்வையும் இங்கு இணைந்தன என நாம் கருதுகின்றோம்.

எனினும் அதே சந்தை, நாடகத் தன்மை வாய்ந்த காட்சிகளையும் வேண்டிநின்றது. ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில், 1936இல் அவர் எடுத்த 'வீழும் போராளி' படம் உண்மையான மரணத்தைக் காட்டுகின்றதா, நடித்துக் காட்டப்பட்டதா என்ற விவாதம் 1970களிலிருந்து நிகழ்ந்து வருகின்றது. தாரோ 1937இல் அதே யுத்தக் களத்தில் உயிரிழந்தார்.

1947இல் கப்பா, கார்ட்டியே-பிரெசோன், டேவிட் சீமோர், ஜோர்ஜ் றொஜர் முதலியோர் மக்னம் என்னும் கூட்டுறவை நிறுவினர். படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கே உரியது. சஞ்சிகை பெறுவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்பது அதன் அடிப்படை. தனித்தனியே பேரம்பேச இயலாதோர், ஒன்றுசேர்ந்து தம் உழைப்பின் விளைவைத் தம்முடையதாக்கினர். இதுவே அவர்களது வரலாற்றுச் சாதனையாகும்.

ஆயின் உடைமையைக் காத்த கூட்டுறவினால் உயிரைக் காக்க முடியவில்லை. 1954 மே 25இல், 'லைஃப்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் ஒருவருக்குப் பதிலாக இந்தோசீனா சென்றிருந்த கப்பா, கண்ணிவெடியிற் சிக்கி மாண்டார். அப்போது அவருக்கு வயது 40.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. ஆயினும் எல்லா உரிமைகளையும் எழுதிவாங்கும் ஒப்பந்தங்கள் மறையவில்லை. ஆபத்து எடுப்பவருடையதாகவும், படம் வெளியிடுபவருடையதாகவும் இருக்கும் நிலை தொடர்கின்றது. ஆதலின் ஒரு செய்திப் படத்தை நோக்குமிடத்து, அதிலே தோன்றுவோர் யாவர் என்பதோடு, அது யாருடையது என்றும் நாம் வினவுதல் வேண்டும்.