ஒரு மணித்தியாலத்தின் விலை

கசினோவில் ஒருவர் மணித்தியாலத்துக்குச் சராசரியாக எவ்வளவு இழப்பார் என்பதை, அவர் ஆட்டத்தில் அமருமுன்னரே கணிக்கலாம் என அறிவீர்களா?

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் பூச்சியம் உட்பட 37 எண்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணிலும் ஒரு ரூபாய் வைத்தால், வெல்லும் எண்ணுக்கு வைத்த ரூபாயுடன் மேலும் 35 ரூபாய் கிடைக்கும். 37 ரூபாய் கொடுத்து 36 ரூபாய் பெறுகின்றீர்கள். எந்த எண் விழுந்தாலும் எஞ்சிய ஒரு ரூபாய் கசினோவுக்கே உரியது.

சுற்றுக்கு 1,000 ரூபாய் வீதம் மணித்தியாலத்துக்கு 40 சுற்றுகள் ஆடுபவர், கையில் சில ஆயிரமே கொண்டுசென்றாலும், வென்றதையும் திரும்பத் திரும்ப வைத்து 40,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டுகின்றார். அதில் 37இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,081 ரூபாய், அவரது சராசரி இழப்பாகும். இரு பூச்சியங்கள் கொண்ட அமெரிக்கச் சக்கரமாயின் அது 2,105 ரூபாய். ஒருநாள் அவர் வெல்லவும் கூடும். ஆயினும் நேரம் நீள நீள இக்கணக்கே மேலோங்கும். விட்டதைப் பிடிக்க எண்ணி ஆடுபவர் இழப்பின் மணித்தியாலங்களையே கூட்டுகின்றார்.

வாய்ப்பு விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல. ஆனால் தமக்கும் பிறருக்கும் வாழ்வுக்கு அவசியமானதைப் பறிக்கும்போது அவை ஏற்கத்தகாதவை எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2413இல் போதிக்கின்றது. அந்த 1,081 ரூபாய் யாருக்குரியது? பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கா, முதிய தாயின் மருந்துக்கா? இன்றிரவு குடும்பச் செபத்தின் பின், இல்லத்தாருடன் அமர்ந்து இக்கணக்கைப் பாருங்கள்.