உங்களுக்குத் தெரியுமா? சிவப்பைக் காணாத கேமரா

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஃபோட்டோஷாப்பில் வண்ணம் ஏற்றும் தேர்ந்த கலைஞர்கள் மூலப் படத்தைத் தொடுவதில்லை. அதன்மேல் தனி லேயர் போட்டு, ‘கலர்’ பிளெண்ட் மோடில் நிறம் பூசுவார்கள். ஒளியும் நிழலும் பழைய படத்துடையவை. சாயல் மட்டும் புதிது.

எந்த நிறம் என்பதுதான் பெரிய சிக்கல். 19-ஆம் நூற்றாண்டு கேமராக்களில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே உணர்ந்தன. சிவப்பை அநேகமாக உணரவே இல்லை. அதனால் செக்கச்சிவந்த துணி கறுப்பாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் பதிவாயின. தானாக நிறம் ஊகிக்கும் மென்பொருள் இங்கே எளிதில் ஏமாந்துவிடும்.

பிரேசில் கலைஞர் மரினா அமரல் சீருடை, பதக்கங்களின் நிறத்தை ஆவணங்களில் தேடியறிந்தே வண்ணம் தீட்டுகிறார். உங்கள் வீட்டுப் படங்களின் நிறங்களையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.