காரில் குளிர் போய்விட்டதா? கியாஸ் அடிக்கும் முன்பு ஓட்டையைத் தேடுங்கள்!

அக்னி நட்சத்திரம். உச்சி வேளை.

தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் திருச்சியில் இருந்து மதுரைக்குக் காரில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விராலிமலையைத் தாண்டும்போது, ஜில்லென்று வந்த காற்று அனலாக மாறிவிடுகிறது!

குழந்தை வீரிட்டு அழுகிறது. தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது. கண்ணாடியை இறக்கினால், உள்ளே வருவதும் வெயில் காற்றுதான்.

மதுரை போய்ச் சேர்ந்ததும் காரைப் பட்டறைக்குக் கொண்டு போகிறார்கள். "கியாஸ் தீர்ந்துவிட்டது. அடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்கிறார்கள். கியாஸ் அடித்ததும் கார் பழையபடி குளிர்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம்!

ஒரே மாதம். மறுபடியும் அனல்! மறுபடியும் செலவு!

காரில் உள்ள கியாஸ், பெட்ரோலைப்போல் எரிந்து தீருகிற பொருள் அல்ல. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், பல வீண் செலவுகளைத் தவிர்க்கலாம்.

பானையும் காரும்

ஊசி போடும் முன்பு, நர்சு நம் கையில் பஞ்சால் மருந்து தடவுவார். அந்த இடம் சில்லென்று இருக்கும். ஏன்?

அந்த மருந்து ஆவியாகும்போது, தோலில் உள்ள சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

காரிலும் இதே வேலைதான் நடக்கிறது. என்ஜின் பக்கத்தில் 'கம்ப்ரசர்' இருக்கிறது. அது கியாசை அழுத்திப் பிழிகிறது. கியாஸ் சூடாகிறது.

அந்தச் சூடான கியாஸ், காரின் முன்பக்கத்தில் உள்ள 'கண்டன்சர்' என்ற வலைக்குப் போகிறது. வெளிக்காற்று பட்டுச் சூட்டை இழந்து, திரவமாகிறது.

பிறகு ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பாய்ந்து, 'கூலிங் காயி'லுக்குள் நுழைகிறது. அங்கே ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

பானையில் ஆவியான தண்ணீர் காற்றோடு போய்விடும். அதனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கார் அப்படி அல்ல. உள்ளே இருக்கும் அதே கியாஸ் சுற்றிச் சுற்றி வருகிறது.

ரப்பர் குழாய்கள் வழியாக, பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு கசிவது உண்டு. ஆனால், கியாஸ் அடித்த ஓரிரு மாதத்தில் அது குறைந்துவிட்டால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள்!

பெல்ட்டைக் கழற்றிய காலம்

அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி, 1939-ம் ஆண்டில் காருக்குள் குளிர் சாதனம் வைத்துக் காட்டியது. பெட்டி வைக்கும் இடத்தில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது!

அதை நிறுத்துவது அதைவிட வேடிக்கை. என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்!

இப்போது ஒரு சுவிட்ச் போதும். பெரும்பாலான கார்களில், கம்ப்ரசரின் முன்னால் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அது 'டக்' என்று ஒட்டிக்கொண்டு கம்ப்ரசரைச் சுழற்றும். கோளாறைக் கண்டுபிடிக்க இந்த 'டக்' சத்தமே ஒரு நல்ல வழி.

நீங்களே பார்க்கலாம்

குளிர் போனால், எல்லாவற்றுக்கும் கியாஸ்தான் காரணம் என்று எண்ண வேண்டாம்.

முதலில், காற்று நன்றாக வருகிறதா என்று பாருங்கள். குளிர் இருக்கிறது, ஆனால் காற்று குறைவு என்றால், ஏ.சி. பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பல கார்களில் அது இடதுபக்கச் சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதை மாற்றப் பெரிய செலவு ஆகாது.

கார் ஓடும்போது குளிர்கிறது. சிக்னலில் நின்றால் குளிர் இல்லை. அப்படியானால், கண்டன்சர் விசிறியைக் கவனியுங்கள். அது சுற்றாமல் இருக்கலாம். கண்டன்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

காற்று பலமாக வருகிறது. ஆனால் குளிரே இல்லை. அப்போது ஒருவர் காருக்குள் ஏ.சி. சுவிட்சைப் போடட்டும். இன்னொருவர் வெளியே நின்று 'டக்' சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கட்டும். சத்தம் இல்லையென்றால், பியூஸ் போயிருக்கலாம். ரிலே கெட்டிருக்கலாம். கியாஸ் மிகவும் குறைந்து, கம்ப்ரசர் தானாகவே நின்றும் இருக்கலாம்.

என்ஜின் ஓடும்போது கிட்டே போகாதீர்கள். சேலைத் தலைப்பு, துண்டு, கூந்தல் எதுவும் விசிறிப் பக்கம் போகக்கூடாது. விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். மின்சாரக் கார் என்றால் கை வைக்கவே கூடாது!

பட்டறையில் நடக்க வேண்டியது

நல்ல மெக்கானிக், நல்ல டாக்டரைப் போன்றவர். நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கமாட்டார்.

அவர் நீலம், சிவப்பு என இரண்டு மீட்டர்களை மாட்டி அழுத்தம் பார்ப்பார். இரண்டிலும் அழுத்தம் குறைவு என்றால் பெரும்பாலும் கியாஸ் குறைவு. நீலத்தில் அதிகம், சிவப்பில் குறைவு என்றால் கம்ப்ரசர் பலவீனம்.

கியாஸ் குறைவு என்று தெரிந்தால், ஓட்டையைத் தேட வேண்டும். கியாசோடு எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். நைட்ரஜன் ஏற்றியும், சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்தும் பார்ப்பார்கள்.

ரோட்டுக் கல் பட்ட கண்டன்சர், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம், கூலிங் காயில் ஆகியவையே அடிக்கடி கசியும் இடங்கள்.

ஓட்டையை அடைத்த பிறகு 'வாக்யூம்' போட வேண்டும். அதாவது, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் மெஷினால் உறிஞ்சி எடுப்பது. இதற்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். இதைச் செய்யாவிட்டால், உள்ளே தங்கும் ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். உலோகத்தையும் அரிக்கும்.

கடைசியாக, கியாசை எடை போட்டு அடிக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு வேண்டியது சுமார் அரை கிலோதான். சரியான அளவு, என்ஜின் மூடியின் உள்பக்கச் சீட்டில் இருக்கும். அதிகம் அடித்தாலும் குளிர் குறையும்!

கியாசில் விளையாட வேண்டாம்

பல கார்களில் உள்ள 'ஆர்-134ஏ' கியாஸ், பூஜ்யத்துக்கும் 26 டிகிரி கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். அது திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் குழாயைக் கழற்றாதீர்கள்.

சமையல் கியாசை ஏற்றினாலும் குளிரும் என்று யாராவது சொன்னால், கேட்காதீர்கள். கசிந்தால் கார் தீப்பிடிக்கும்!

கியாசைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. பழைய 'ஆர்-12' போன்ற கியாஸ்கள், பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974-ல் மொலினா, ரோலண்டு என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த விஞ்ஞானிகளுக்கு 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னர் வந்த ஆர்-134ஏ, ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் வலிமை உள்ளது. ஓட்டையை அடைக்காமல் கியாஸ் அடித்தால், நம் பணம் போவதோடு, வெயிலும் கூடுகிறது!

வழியில் குளிர் நின்றால்...

உடனே கண்ணாடிகளை இறக்குங்கள். நிழலில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, தண்ணீர் கொடுங்கள். ஐந்து நிமிடம்தானே என்று, குழந்தையை மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். உயிரே போய்விடும்!

மூன்று கேள்விகள்

பட்டறைக்குப் போனதும், பணம் கொடுக்கும் முன்பு இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

"ஓட்டை எங்கே இருந்தது?"

"வாக்யூம் எவ்வளவு நேரம் போட்டீர்கள்?"

"எத்தனை கிராம் கியாஸ் அடித்தீர்கள்?"

வேலை தெரிந்தவர் மூன்றுக்கும் பதில் சொல்வார். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.