செந்தாரும் மரப்பொந்தும்

போன தவணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கிளிக்குஞ்சோடு வந்தான். இறகு பாதிதான் முளைத்திருந்தது. "சேர், இதுக்கு எப்ப கழுத்துல மாலை வரும்?" என்று கேட்டான். அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

இலங்கைக் காடுகளில் ஐந்து வகைக் கிளிகள் உண்டு. அவற்றில் இரண்டு, இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. கொண்டச்சி, சிலாவத்துறைப் பக்கம் நம் தலைக்கு மேலே கீச்சிட்டுப் பறப்பவை பெரும்பாலும் செந்தார்ப் பைங்கிளிகள். நீளம் சுமார் 40 சென்ரிமீற்றர். அதில் பாதிக்கு மேல் வால்தான். தோளில் சிவப்புத் திட்டோடு 60 சென்ரிமீற்றர் வரை இருப்பது பெரிய பச்சைக்கிளி.

'தார்' என்றால் மாலை. சங்கப் புலவர்கள் அந்தச் சிவந்த வளையத்தை மாலையாகவே கண்டார்கள். ஆனால் அது ஆணுக்கு மட்டும் உரியது. அதுவும் முழுதாகத் தெரிய மூன்று வயதளவில் ஆகிவிடும். குஞ்சு பெண்ணாக இருந்தால் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் அந்த மாலை வராது.

பச்சையின் கதை இன்னும் விசித்திரம். கிளியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. அதன்மேல் மஞ்சள் சாயம் படிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. கூண்டுகளில் விற்கும் நீலக் கிளிகள் அந்த மஞ்சளைப் பிறவியிலேயே இழந்தவை. வங்காலைப் பக்கம் வரும் பூநாரைக்கு இளஞ்சிவப்பு, தின்னும் இரையிலிருந்து வருகிறது. கிளியோ தன் மஞ்சளையும் சிவப்பையும் தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்கிறது.

இவ்வளவு செய்யத் தெரிந்த பறவைக்குக் கூடு கட்டத் தெரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்துவிட்டுப் போன பொந்து, பட்ட பனையின் துவாரம், கிழட்டுப் பாலையின் இடுக்கு, இவற்றைத் தேடிப்பிடித்து அலகால் கொஞ்சம் அகலமாக்கிக் குடியேறும். மூன்று நான்கு முட்டைகள்; 22 முதல் 24 நாள் அடைகாப்பு; பிறகு ஆறேழு வாரம் குஞ்சுகள் பொந்துக்குள்ளேயே வளரும். பழைய மரம் இல்லையென்றால் கிளிக்கு வீடு இல்லை. பெரிய பச்சைக்கிளிக்கு இன்னும் பருத்த மரம் வேண்டும். காடு குறைவதாலும், கூண்டுக்காகக் குஞ்சு பிடிப்பதாலும் அந்த இனத்தை அழிவின் அச்சுறுத்தலை நெருங்கியதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது.

கிளியால் நமக்கு நட்டம் இல்லையா? உண்டு. கதிர் முற்றும் நேரம் கூட்டமாக இறங்கினால் வயல் தாங்காது. தின்பதைவிட உதிர்ப்பது அதிகம். தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தட்டை, குளிர், தழல் என்று கருவிகளே இருந்ததைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் சொல்கிறார். என் வாப்பாவிடம் இருந்தது தகர டின்னும் ஒரு கம்பும். ஓட்டுவார், ஆனால் வரம்போரப் பாலை மரத்தில் கைவைக்க விடமாட்டார்.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் காணியில் காடு மண்டியிருந்தது. துப்புரவாக்காமல் குடியிருக்க முடியாது. அது நம் உரிமை. ஆனாலும் எதை வெட்டுகிறோம் என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையின் குஞ்சு கிடைத்ததும் அப்படித்தான். "காணி வெட்டக்குள்ள மரத்தோட விழுந்துச்சு சேர்" என்றான். பள்ளி விட்டதும் நாலைந்து பிள்ளைகளோடு அங்கே போனோம். பொந்துள்ள துண்டை மட்டும் அறுத்தெடுத்து, பக்கத்தில் நின்ற வேம்பில் உயரமாகக் கட்டி, குஞ்சை உள்ளே விட்டோம். அஸருக்குப் பிறகு தாய்க்கிளி வந்து வாசலில் தொற்றிக்கொண்டது.

அவன் மெதுவாகச் சொன்னான்: "மாலை வந்தா நம்மட வேம்புக்கு வருமா சேர்?"

வேம்பை வெட்டாமல் வைத்திரு என்றேன்.