டிசம்பர் மூட்டை எந்த வாசலுக்கு?

குஷாய்குடாவில் டிசம்பர் பிறந்தால் ஈ.சி.ஐ.எல். சாலைச் சந்திப்புக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். கூடவே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும். பழைய துணி, பொம்மை, புத்தகம், போர்வை எதுவானாலும் கீழே வாட்ச்மேன் அறையில் வையுங்கள், கிறிஸ்துமஸுக்கு ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று. எந்த ஆசிரமம் என்பது மட்டும் 22, 23-ந் தேதி வரை யாருக்கும் தெரியாது. மூட்டைகள் மாடிப்படியை அடைத்துக்கொண்ட பிறகுதான் யாராவது செல்போனில் 'அருகிலுள்ள அனாதை இல்லம்' என்று தேட உட்காருவார்கள்.

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் தொழிற்பேட்டையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பகுதி இது. 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். நிறுவனமும், அருகிலுள்ள அணு எரிபொருள் வளாகமும் நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். ஈ.சி.ஐ.எல்.லை உருவாக்கிய ஏ.எஸ்.ராவின் பெயரில் பக்கத்திலேயே ஒரு காலனி இருக்கிறது. மாதச் சம்பளமும் நிறைந்த அலமாரியும் உள்ள ஊர் என்பதால் கொடுப்பதற்குப் பஞ்சமில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியைக் கடைசியில் வைப்பதுதான் கோளாறு. அதை முதலில் வைத்தால் மூட்டைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

கேட்காமல் கொடுப்பதால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் கண்ணால் பார்த்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களையும் சேர்த்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் ஆழிப்பேரலைக்குப் பலியானார்கள். அடுத்த சில நாட்களில் லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. கடலோரப் புழுக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கம்பளிச் சட்டை, சாயம் போன பேன்ட், ஜோடி இல்லாத செருப்பு. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. முந்தின நாள் வரை சொந்தப் படகும் வலையும் வைத்துப் பிழைத்தவர்கள் ஊரார் கழித்துப்போட்டதை ஏன் உடுத்த வேண்டும்? துணிகள் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து மண்ணோடு மக்கின. டெல்லியைச் சேர்ந்த 'கூஞ்ஜ்' அமைப்பு வந்து, தேறியதைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று.

அதே நாகப்பட்டினத்தில்தான் சரியான முறையும் பிறந்தது. 2005 ஜனவரித் தொடக்கத்தில், மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்களுக்கான ஓர் ஒருங்கிணைப்பு மையம் கலெக்டர் அலுவலகத்திலேயே இயங்க ஆரம்பித்தது. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், உள்ளூர் அமைப்பான ஸ்நேகா ஆகியவை அதில் முன்னின்றன. எந்தக் குப்பத்துக்கு எது வேண்டும் என்று முதலில் கேட்டறிந்து, உதவ வருகிறவர்களை அந்தந்த இடத்துக்குத் திருப்பிவிடுவதுதான் வேலை. கேட்க எளிமையாக இருக்கிறது. லாரி புறப்படும் முன்பே யாராவது இதைச் செய்திருந்தால் டீசல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

குஷாய்குடாவின் மூட்டைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் என்றால் குழந்தை நினைவுக்கு வருவது இயல்பு. அதனால் பெரும்பாலான மூட்டைகள் குழந்தைகள் காப்பகங்களுக்கே போகின்றன. சாலையோரம் பெயர்ப்பலகை பெரிதாக உள்ள காப்பகத்தில் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே நாளில் மூன்று கேக் வெட்டுவார்கள். மத்தியானம் ஒரு பிரியாணி, சாயங்காலம் இன்னொரு பிரியாணி. பிள்ளைகள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டுப் பாடி, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முறை சிரிக்க வேண்டும். உட்சந்தில் இருக்கும் இல்லத்துக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கச் சட்டமே முதல் சல்லடையைத் தந்திருக்கிறது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும், அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் பற்றிய வழக்கில் 2017 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், நாடு முழுக்க எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும் என்றது. ஆகவே, "உங்கள் பதிவுச் சான்றைப் பார்க்கலாமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஒழுங்கான இல்லங்களில் அது அலுவலகச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் மூட்டையை இறக்க வேண்டியதில்லை.

புகைப்படம் இன்னொரு சோதனை. காப்பகக் குழந்தைகளை அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பரிசுப் பொட்டலத்தோடு குழந்தையை நிறுத்தி ஃபேஸ்புக்கில் போடுவதைக் கொடுக்கிறவர்கள் நன்றிக்கடன் போல எதிர்பார்க்கிறார்கள். பொறுப்பான இல்லம் அதை மறுத்துவிடும். மறுக்கும் இல்லத்துக்குத்தான் இந்தக் கட்டுரை வாக்களிக்கும்.

இதெல்லாம் அதிகப்படியான கெடுபிடி என்று தோன்றுகிறவர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஹைதராபாத்தின் மறுகோடியில், அமீன்பூரில் இருந்த ஒரு தனியார் காப்பகத்துச் சிறுமி அந்த ஆகஸ்டில் இறந்தாள். பாலியல் வன்முறைப் புகாரில் கைதானவர்களில், நன்கொடையாளர் என்ற முறையில் உள்ளே வந்து போனவரும் ஒருவர். கொடுக்க வந்தவர் என்பதற்காகவே கதவைத் திறந்துவிடும் இடம் குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, வரவேற்பறையோடு நிறுத்தி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, பலருக்கும் பிடிக்காத உண்மை. காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். வறுமை காரணமாகவே அங்கே விடப்பட்டவர்கள். விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டம் சொல்லும் கோட்பாடு. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று காட்டி, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பத்து மூட்டைக்குச் சமம். அதற்குக் கேக் வெட்ட முடியாது, அவ்வளவுதான்.

பெரியவர்களின் கதை வேறு. செர்லாப்பள்ளி, குஷாய்குடாவுக்குக் கூப்பிடு தூரம். 2017 நவம்பரில் உலகத் தொழில்முனைவோர் உச்சி மாநாட்டுக்கு இவாங்கா டிரம்ப் வரவிருந்த சமயம், நகரத்தில் பிச்சை எடுப்பதைப் போலீஸ் தடை செய்தது. பிடிபட்டவர்கள் சஞ்சல்குடா, செர்லாப்பள்ளி சிறை வளாகங்களில் இருந்த 'ஆனந்த ஆசிரம'த்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிச்சைக்காரர்களைப் பற்றித் தகவல் கொடுத்தால் 500 ரூபாய் என்று சிறைத்துறை அறிவித்ததும் அப்போதுதான். மாநாடு முடிந்தது, செய்தியாளர்கள் போய்விட்டார்கள். ஆனால் வீடில்லாத முதியவர்களும் மனநலம் குன்றியவர்களும் இந்த நகரத்தில் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கான இல்லங்களுக்குப் பொம்மை எதற்கு? பெரியவர்களுக்கான டயப்பர், ஃபினாயில், சோப்புத்தூள், நைட்டி, லுங்கி, இலாஸ்டிக் தளராத உள்ளாடை ஆகியவைதான் அங்கே தினமும் தீர்ந்துபோகிறவை. இவற்றை யாரும் பரிசுக் காகிதத்தில் சுற்றுவதில்லை. அதனாலேயே எப்போதும் தட்டுப்பாடு.

செகந்திராபாத்தில் முதியோர் இல்லம் நடத்தும் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை இந்தச் சிக்கலை நூற்றாண்டுக்கு முன்பே தீர்த்துவிட்டது. 1839-ல் பிரான்சில் ழான் ஜுகான் தொடங்கிய இந்தச் சபையில், சகோதரிகளே கடைத்தெருவுக்கும் வீடுகளுக்கும் போய், இன்ன பொருள் வேண்டும் என்று கேட்டு வாங்குவது மரபு. கொடுப்பவர் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அரிசி வேண்டுமென்றால் அரிசி.

ஹைதராபாத்தில் டிசம்பர் இரவுகள் குளிர்கின்றன. காந்தி மருத்துவமனை, உஸ்மானியா, நிலோஃபர் போன்ற அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்தவர்கள் வெளியே படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். மாவட்டங்களிலிருந்து அவசரமாக வந்தவர்கள். மாற்றுத் துணி இருக்காது. நல்ல போர்வை ஒன்று அங்கே உடனே பயன்படும். ஆனால் 25-ந் தேதி இரவு எல்லாரும் போர்வையோடு ஒரே வாசலுக்குப் போனால் ஒருவருக்கு மூன்று கிடைக்கும், அடுத்த வளாகத்தில் ஒன்றும் இருக்காது. இரவுத் தங்குமிடம் நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

துணியை எப்படிக் கொடுப்பது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கூஞ்ஜை 1999-ல் தொடங்கி 2015-ல் மகசேசே விருது பெற்ற அன்ஷு குப்தா பல மேடைகளில் சொல்வது அது. மாதவிடாய்க்குப் பழைய ரவிக்கைத் துணியைப் பயன்படுத்திய ஒரு பெண், அதில் விடுபட்டுப்போன துருப்பிடித்த கொக்கியால் டெட்டனஸ் வந்து இறந்துபோனாள். பிறகு கூஞ்ஜ் பழைய பருத்தித் துணியைத் துவைத்து, கொக்கி, பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் நீக்கி, நாப்கினாகத் தைத்துக் கொடுக்கத் தொடங்கியது. கிராமங்களில் கிணறு வெட்டவும் பாலம் போடவும் உழைத்தவர்களுக்குத் துணியை இனாமாக இல்லாமல் உழைப்பின் பலனாகக் கொடுப்பதும் அவர்கள் முறை. பிரிக்கவும் துவைக்கவும் தைக்கவும் ஆளும் இடமும் உள்ள அமைப்புக்குக் கலவையான பழைய துணி மூட்டையைத் தரலாம். முப்பது பிள்ளைகளும் இரண்டு ஆயாக்களும் உள்ள சிறு இல்லத்துக்கு அதே மூட்டையைக் கொடுத்தால், ஆயாக்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பாதி குப்பை வண்டிக்குப் போகும். மூட்டை ஒன்றுதான், யாரிடம் சேர்கிறது என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

பிரிக்க ஆளில்லாமலும் ஒரு வழி உண்டு. ஈரானின் மஷ்ஹதில் 2015-ல் தோன்றிய 'கருணைச் சுவரை'ப் பார்த்து, திருநெல்வேலியில் சந்தீப் நந்தூரி கலெக்டராக இருந்த 2017-ல் 'அன்புச் சுவர்' அமைத்தார்கள். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். யாரும் யாருக்கும் கைநீட்ட வேண்டாம். ஆனால் தினமும் கவனிக்க ஆள் இல்லையென்றால் ஒரே மாதத்தில் அது குப்பைத் தொட்டியாகிவிடும்.

மருந்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாதி தீர்ந்த இருமல் மருந்து புட்டியை மூட்டைக்குள் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாறாக, எறியப்போகும் மேஜைக் காலண்டரைப் பத்திரப்படுத்தலாம். கெட்டித் தாளாக இருப்பதால் பார்வையற்ற மாணவர்கள் பிரெய்ல் எழுதிப் பழக அது உதவும். வருடக் கடைசியில் இதற்கென்றே பழைய காலண்டர் சேகரிக்கிறவர்கள் உண்டு. பேகம்பேட்டையில் தேவ்நார் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது; இதுபோன்ற பள்ளிகளுக்கு ஒரு போன் போட்டு, தேவையா என்று கேட்டுவிட்டுச் சேர்க்கலாம்.

கணக்கு வழக்குப் பற்றியும் ஒரு வார்த்தை. வருமான வரியின் 80-ஜி சலுகை பணமாகக் கொடுப்பதற்கு மட்டுமே. போர்வையோ அரிசியோ கொடுத்தால் கிடையாது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். "பொருளுக்கும் 80-ஜி ரசீது போட்டுத் தருகிறோம்" என்று ஓர் அமைப்பு சொன்னால், அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே? பொருளாதாரக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளை ஆராய்ந்து, கொடுத்தவர் செலவழித்ததைவிட வாங்கியவர் அந்தப் பொருளுக்குத் தரும் மதிப்பு பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு என்று எழுதினார். நெருங்கிய சொந்தங்களுக்குள்ளேயே இந்தக் கதி என்றால், முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதில் எவ்வளவு வீணாகும்! இருந்தாலும் பணம் கொடுக்கத் தயங்குகிறவர் பொருள் என்றால் தாராளமாகக் கொடுக்கிறார் என்பது வசூலுக்குப் போன எல்லாருக்கும் தெரியும். பொருளை ஒழிக்க வேண்டாம். பட்டியலை இல்லத்திடமிருந்து வாங்கிவிட்டு, பிறகு வாட்ஸ்அப் செய்தியைப் போட்டால் போதும்.

பட்டியல் கேட்க நவம்பரே சரியான மாதம். இரண்டு மூன்று இல்லங்களுக்குப் போன் செய்து, இந்த மாதம் எது தீர்ந்துபோகிறது, எது இனி வேண்டாம், வைக்க இடம் உண்டா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வோர் இடத்தின் குணமும் தெரிந்துவிடும். "எது கொடுத்தாலும் சரி" என்கிறவரைவிட, "துணி போதும் அம்மா, கேஸ் சிலிண்டருக்குத்தான் தட்டுப்பாடு" என்கிறவரிடம் நிர்வாகம் இருக்கிறது. டிசம்பரில் குவிந்ததற்கு ஜனவரி நடுவில் ஈடாகப் பஞ்சம் வரும். சங்கராந்திக்கு நகரமே ஊருக்குக் கிளம்பிவிடும், தொண்டர்களும் சேர்ந்து. தெலங்கானாவில் பள்ளிகள் வழக்கமாக ஜூன் 12 வாக்கில் திறக்கின்றன. நோட்டு, பை, ஷூ வாங்க இல்லங்கள் திண்டாடுவது அந்த வாரத்தில்தான். கேக்குக்கு ஒதுக்கியதில் பாதியை ஜூனுக்குத் தருகிறோம் என்று டிசம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டால், காப்பகப் பொறுப்பாளர் அந்த ஆண்டின் செலவுக் கணக்கில் ஒரு வரியை அடித்துவிடலாம்.