மால்பெக்: லோட் ஆற்றங்கரையிலும் ஆண்டிஸ் அடிவாரத்திலும்

மால்பெக் கறுத்த தோல் கொண்ட ஒரு திராட்சை. அதன் பிறப்பிடம் தென்மேற்குப் பிரான்ஸ். அங்கே லோட் ஆறு வளைந்து வளைந்து ஓடும் காஓர் வட்டாரத்தில் இதைக் 'கோட்' என்பார்கள். நிறம் அவ்வளவு அடர்த்தி என்பதால் இந்த ஊர்ச் சரக்குக்கு நெடுங்காலமாகவே 'கறுப்பு ஒயின்' என்று பெயர். 1853இல் மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் பண்ணைப் பள்ளி ஒன்றை நடத்த வந்தார். அவர் கொண்டுவந்த பிரெஞ்சுக் கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. 1956 பிப்ரவரியின் கடும் உறைபனியில் பிரான்சில் ஏராளமான கொடிகள் பட்டுப்போயின. இன்று உலகில் மால்பெக் அதிகம் விளைவது அர்ஜென்டினாவில்தான்.

மெண்டோசா கிட்டத்தட்ட பாலைவனம். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். ஆண்டிஸ் மலையில் உருகும் பனியை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். அங்குள்ள ஊக்கோ பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் 1,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அர்ஜென்டினாவின் வடக்கே உள்ள கஃபயாதேயில் உயரம் சுமார் 1,700 மீட்டர். இந்த உயரம்தான் பழத்தை மாற்றுகிறது. மேலே போகப் போகப் புற ஊதாக் கதிர் கூடும். அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை தன் தோலில் நிறமியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. பகல் வெயிலில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு வேகமாகக் கரைந்துபோகாது. இரண்டும் ஒரே பழத்தில் கூடிவருவது சமவெளியில் அரிது.

ருசி பார்க்கும்போது கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து ஒயினின் விளிம்பைப் பாருங்கள். இளம் மால்பெக்கில் பளீரென்ற ஊதாச் சிவப்பு தெரியும். கோப்பையைச் சுழற்றி முகர்ந்தால் மெண்டோசா ஒயினில் பழுத்த பிளம்ஸும், பல சமயம் வயலட் பூவும் மணக்கும். வாயில் வழவழப்பாக இறங்கும். காஓர் ஒயினோ பல்லீறைப் பிடிக்கும். காயான நாவலைக் கடித்ததுபோல் நாக்கு வறளும். தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் துவர்ப்பு இது. முதல் வாயில் கடுமையாகத் தோன்றும் இந்தக் காஓர்தான், கொழுப்புள்ள இறைச்சியோடு சேரும்போது எனக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப்படுகிறது. கஃபயாதே ஒயின் இன்னும் கனம்; மிளகுக் காரத்தின் சாயலும் சாராயச் சூடும் தொண்டையில் நிற்கும்.

ஆனால் எல்லா வேறுபாட்டையும் மண்ணின் கணக்கிலோ மலையின் கணக்கிலோ எழுதிவிடக் கூடாது. புது ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் வனிலா மணம் ஏறி, ஊரின் குணத்தையே மறைத்துவிடும். காஓர் என்று பெயர் போட மால்பெக் 70 சதவீதம் இருந்தால் போதும். மீதி மெர்லோ அல்லது தனா என்ற வேறு திராட்சையாக இருக்கலாம். எனவே ஒப்பிட எடுப்பவை ஒரே ஆண்டுச் சரக்காக, ஏறத்தாழ ஒரே விலையில், பீப்பாய் வாசம் குறைந்தவையாக இருக்கட்டும். 16 முதல் 18 டிகிரிக்குள் ஊற்றுங்கள். அதற்கு மேல் சூடானால் சாராய நெடிதான் முந்தும். லேபிள் தெரியாமல் பாட்டில்களைத் தாளில் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு வாயையும் விழுங்காமல் துப்புவதே முறை. துவர்ப்பு வாயில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கடைசியாகச் சுவைத்தது எப்போதும் கடுமையாகவே படும். தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, வரிசையைத் திருப்பி இன்னொரு சுற்றுப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.