‘காஸ் முடிஞ்சு போச்சு’ என்றால் உடனே நம்பாதீர்கள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் பிரிட்ஜ் திருத்துகிறவர்களைப் பிடிப்பது கஷ்டம். மலைநாட்டைத் தாண்டி வரும் அந்த உலர்ந்த சூட்டில் உவர்மலையிலும் பாலையூற்றிலும் பெட்டி ராப்பகலாக ஓடும். உள்ளே வைத்த தண்ணீர் மட்டும் குளிராது. கடைசியில் ஒருவர் வருவார். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “காஸ் முடிஞ்சு போச்சு” என்பார். காஸ் அடிப்பார், காசை வாங்குவார், போய்விடுவார். இரண்டு மாதத்தில் பெட்டி பழையபடி நிற்கும்.

பிரிட்ஜில் உள்ள காஸ் மோட்டார் சைக்கிளில் ஊற்றும் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அதைத் தேடி அடைக்காமல் மறுபடி காஸ் அடிப்பது உங்கள் காசைக் காற்றில் விடுகிற வேலை.

ஓட்டை விழுவதற்கு நம் ஊரில் காரணமும் உண்டு. திருக்கடலூர், மனையாவெளி, உட்துறைமுக வீதி என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று பின்பக்க இரும்புக் குழாய்களையும் செம்பு ஒட்டுகளையும் மெல்ல அரிக்கும். மற்றக் காரணம் நாமேதான். ஃப்ரீசரில் இறுகிய ஐஸைக் கத்தியால் கிண்டுகிறோம். அந்தத் தகட்டுக்குள் ஓடும் அலுமினியக் குழாய் மிக மெல்லியது. ஒரு குத்துப் போதும்.

காஸ் உண்மையிலேயே போயிருந்தால் அதை வீட்டுக்காரரே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கொம்பிரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அதன் தலை கொதிக்கும். ஆனால் பின்பக்கக் கம்பிக்கூட்டில், புதிய வகையென்றால் பக்கச் சுவரில், கையை வைத்தால் சூடே தெரியாது. ஐஸ் கட்டும் பழைய வகைப் பெட்டியில் ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் வெண்மை படிந்திருக்கும், மற்றப் பக்கமெல்லாம் வெறுந்தகடாக இருக்கும். இந்த அடையாளங்கள் இல்லாவிட்டால் காஸ் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

மேலே ஃப்ரீசர் நன்றாக உறைகிறது, கீழ்த்தட்டில் பால் திரைகிறது என்றால் பெரும்பாலும் காஸில் குறையில்லை. ஐஸ் கட்டாத வகைப் பெட்டியில் சிறிய காற்றாடி ஒன்றுதான் குளிரைக் கீழே தள்ளுகிறது. அது நின்றிருக்கலாம், அல்லது ஐஸை உருக்கும் ஹீட்டரோ சென்சரோ பழுதாகி, காற்றுப் போகும் வழியை ஐஸ் அடைத்திருக்கலாம். சாமான்களை வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து ஒரு முழுநாள் விடுங்கள். பிறகு சில நாட்கள் நன்றாக வேலை செய்து மறுபடி படுத்துக்கொண்டால் பழுது அந்த உருக்கும் பகுதியில்தான். அதற்குக் காஸ் அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

‘டிக்’ என்று ஒரு சத்தம், சில நிமிடம் அமைதி, மறுபடி ‘டிக்’. இது கொம்பிரசர் கிளம்ப முயன்று தோற்கும் சத்தம். ரிலே என்ற சின்னப் பாகம் போயிருக்கலாம், இல்லையென்றால் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். 6 சதவீதம் ஏற இறங்கலாம். மாலையில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் பெட்டியை விட்டுவிட்டு 1987க்கு அழைத்து மின்சாரம் வழங்குவோரிடம் முறையிட வேண்டும். கரண்ட் போய் வந்தவுடன் பெட்டி ஓடத் தொடங்குவதும் கொம்பிரசருக்குக் கேடு. ஐந்து நிமிடம் பொறுக்க வைக்கும் வோல்ட்டேஜ் கார்ட் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

கதவு றப்பரையும் சோதியுங்கள். ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள்; தடையில்லாமல் வந்தால் குளிரும் அந்த வழியே போகிறது. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்தாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வாங்கும்போது யாரும் பார்க்காத ஒன்று உண்டு. பெட்டியின் உள்ளே ஒட்டிய விவரத் தகட்டில் காலநிலை வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘என்’ என்றால் 32 பாகை செல்சியஸ் வரையான அறைக்குச் செய்தது. ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை. கச்சான் காலத்துத் தகரக் கூரை வீட்டுக்குள் ‘என்’ வகுப்புப் பெட்டி திணறுவதில் அதிசயமில்லை. கடைக்காரர் பரிசுக் கூப்பனைப் பற்றிப் பேசும்போது நீங்கள் இந்த எழுத்தைக் கேளுங்கள்.

குளிராத பெட்டியில் பெரிய ஆபத்து மீன்தான். சூரை போன்ற மீன் குளிர் போதாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தடித்து, தலையிடி, வாந்தி வரும். “குழம்பு வைத்தால் சரியாகிவிடும்” என்ற பேச்சு இங்கே எடுபடாது. கீழ்த்தட்டு 5 பாகைக்குள் இருக்க வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியை இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். இன்சுலின் வைப்பவர்கள் இன்னும் கவனம்: 2 முதல் 8 பாகை, ஒரு முறை உறைந்தாலும் வீசிவிட வேண்டியதுதான். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டதே, அப்படி ஒரு நாளில் கதவைத் திறக்காமலிருந்தால் கீழ்த்தட்டு நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும்.

அடுத்தது தீ. இப்போது வரும் பல பெட்டிகளில் ஆர் 600ஏ என்ற காஸ் இருக்கிறது. ஐசோபியூட்டேன், சமையல் காஸுக்கு உறவுக்காரன். 2021 கடைசியில் அடுப்பங்கரைகளில் சிலிண்டர்கள் வெடித்ததை நாம் மறக்கவில்லை. கொம்பிரசர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்தில் தீச்சுடர் படம் இருந்தால், பூட்டிய அறையில் சுடர் வைத்து ஒட்ட விடாதீர்கள். பெட்டியை முற்றத்துக்கு எடுத்து, காஸை முழுவதும் வெளியேற்றிய பிறகே நெருப்பு. சமையல் சிலிண்டரிலிருந்தே அடித்துவிடலாம் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். ஒழுங்காகச் செய்பவரிடம் வெற்றிடப் பம்பும் காஸை நிறுக்கும் தராசும் இருக்கும். ஃபில்டரையும் புதிதாக மாற்றுவார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மூதூர், வெருகல் பக்கங்களில் வெள்ளம் ஏறியது. அப்படி நனைந்த பெட்டி வெளியே காய்ந்து தெரிந்தாலும் மின்பாகங்களில் ஈரமும் சேறும் நிற்கும். தெரிந்தவர் திறந்து உலர்த்திச் சோதிக்கும்வரை பிளக்கைத் தொட வேண்டாம். கதவைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா, அந்தப் பெட்டிக்கு அன்றோடு ஓய்வு. ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் இழுத்துக் கொடுப்பது உயிரை எடுக்கும்.

இனி உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் உரியதென்று பலர் நினைக்கிறார்கள். திருத்த வேலைக்கும் அது பொருந்தும். தொழிலாகச் சேவை தருபவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்வார், அதற்காகப் போடும் பாகம் உதவக்கூடியதாக இருக்கும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும் சட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. புதிய பெட்டி உத்தரவாதப்படி இல்லையென்றால் அதிகார சபை விசாரித்து நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, பணத்தைத் திருப்பியோ கொடுக்கச் சொல்லலாம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று துண்டின் அடியில் அச்சடித்திருப்பது இந்த அதிகாரத்தைப் பறித்துவிடாது.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கிய அல்லது திருத்திய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். “நாளைக்கு ஆள் வரும்” என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் வாரங்களும் இந்த மூன்று மாதத்துக்குள் அடக்கம், அதனால்தான் பலர் தோற்கிறார்கள். கையில் துண்டு இல்லாமல் போவதும் வீண். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. திருத்துபவரிடம் தேதி, பழுது, மாற்றிய பாகம், காஸின் வகை, வாங்கிய தொகை ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். நாளை அதுதான் சாட்சி.

முறைப்பாட்டை மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். வழி கேட்க 1977க்கு அழையுங்கள்.